முப்பத்தெட்டு என்று யார் சொன்னது?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. என் படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது. ஜன்னல் திரை முழுக்க இழுத்து விடப்பட்டிருக்கிறது. அறைக்குள் நான்... எனக்குப் பின்னால், நான் வழக்கமாகப் போகும் ஆட்டோவின் டிரைவர்!

பதறாதீர்கள். டிரைவரின் பெயர் குமாரி. நாற்பத்துமூன்று வயது. காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, சுடிதாரோடு, கையில் ஒரு இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு என்னை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஆடாம நில்லு. நீ சிரிச்சா டேப்பு எறங்கிக்கினே போவுது."

இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம்? என்னுடைய சரியான பிரா சைஸைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். என் ஐம்பதாவது வயதில்!

ஆண் வாசகர்களே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கொடியில் துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுகிறார்களே, அந்தச் சமாசாரம்தான். அதை ஏன் வெயிலில் காயப்போடக் கூடாது என்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

எல்லாம் அடையாறில் ஆரம்பித்தது. ஆறு மாதமாகக் கழுத்து வலி. தலையைத் திருப்பினால் 'ணங்' என்று ஒரு பிடிப்பு. பிசியோதெரபிக்குப் போனேன். என் பெண் வயசு இருக்கும் அந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு. முதுகை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, நீங்க என்ன சைஸ் பிரா போடறீங்க?"

"தர்ட்டி ஃபோர்" என்றேன், ஆதார் நம்பர் சொல்வதுபோல.

"எப்போ அளந்தீங்க?"

அளப்பதா? இதென்ன கேள்வி! அதெல்லாம் அளக்கிற விஷயமா?

"ஹூக் பதிஞ்சு முதுகு பூரா செவந்திருக்கு ஆன்ட்டி. சரியான சைஸ் இல்லைன்னா நான் எத்தனை நாள் எக்சர்சைஸ் கொடுத்தாலும் வீண்தான். வீட்ல அளந்து பாத்துட்டு அடுத்த தடவை வாங்க" என்று ஹோம்வொர்க் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

எனக்குக் கோபமான கோபம். வலிக்குக் கழுத்தைப் பார்க்கச் சொன்னால் இந்தப் பெண் எங்கெங்கேயோ போகிறாளே! ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். இந்த முப்பத்திநாலு எனக்கு எங்கிருந்து வந்தது?

தி.நகரில் இருந்து வந்தது. என் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன அன்று, அம்மா கவுண்டர் மேல் சாய்ந்து, குரலைப் பாதாளத்துக்கு இறக்கி, "இவளுக்குத்தான்" என்றாள். கவுண்டர்காரர் அரை நொடி நிமிர்ந்து பார்த்தார். அரை நொடிதான். அப்புறம் கடை முழுவதும் கேட்கும்படி மேலே பார்த்துக் கத்தினார்: "முப்பத்திநாலு அரை டஜன் போடு!"

அவ்வளவுதான். எனக்குப் பட்டா வழங்கப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் இரண்டு பிரசவம், ஒரு தைராய்டு, வருஷத்துக்கு ஒரு கிலோ என்று நேர்மையாக ஏறிய எடை... எது வந்தால் என்ன? ரத்த வகை மாறுமா? அதுபோல இதுவும் மாறாது என்றே இருந்துவிட்டேன். ஹூக் எட்டாமல் போனபோது சைஸை மாற்றவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் அதற்கென்றே விற்கிற எக்ஸ்ட்ரா ஹூக் பட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

சரி, அளந்துதான் பார்த்துவிடுவோமே என்று வியாழக்கிழமை காலை கிளம்பினேன். முதல் பிரச்னை... வீட்டில் இன்ச் டேப் இல்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பி.பி. பார்க்கும் மெஷின் இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் மெஷின் இருக்கிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பது இருக்கிறது. எடை பார்க்க ஒன்று, மைதா மாவு நிறுக்க ஒன்று. உடம்பைப் பற்றி எல்லா நம்பரும் எங்களுக்குத் தெரியும். தினமும் பதினாலு மணி நேரம் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துணியின் நம்பர் மட்டும் தெரியாது.

நான் டிராயர் டிராயராகக் குடைவதைப் பார்த்து என் கணவர் வந்தார். டூல் பாக்ஸில் இருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து நீட்டினார். சர்ரென்று இழுத்தால் ஐந்து மீட்டர் வரும். சுவரை அளக்கிற சாமான்.

"எதை அளக்கணும்? சொல்லு, நானே அளந்து தரேன்" என்றார், பாவம், வெள்ளை மனசோடு.

"கர்ட்டன்" என்றேன்.

இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியம். கர்ட்டன் என்றேன்! ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. "எந்த ஜன்னலுக்கு?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கீழே ஆட்டோ ஹாரன் கேட்டுத் தப்பித்தேன்.

குமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கும் இதே கோட்டூர்புரத்தில், ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். வீடு போனது, சவாரி போகவில்லை. தினமும் காலையில் அங்கிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். ஆறு வருஷமாக எனக்கு வங்கி, மருந்துக்கடை, மயிலாப்பூர் காய்கறி, எல்லாம் அவள் வண்டியில்தான். வெயில் என்றால் மாடி ஏறி வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

அன்றும் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாக்கா, காலங்காத்தால திருதிருன்னு முய்க்கிறே?"

காதில் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்கா இந்தப் பாடு? தெருமொனை டெய்லராண்ட டேப்பு கீது. இரு வரேன்" என்று போனவள், ஐந்தே நிமிஷத்தில் மஞ்சள் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். தாழ்ப்பாள் போட்டோம்.

இங்கே ஒரு விஷயம். இணையத்தில் தேடினால் மண்டை காய்ந்துவிடும். ஒரு தளம் 'நாலு இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள்' என்கிறது. இன்னொன்று 'கூட்டவே கூட்டாதீர்கள்' என்கிறது. கடைசியில் பிசியோதெரபி பெண்ணுக்கே போன் போட்டேன். "கூட்டாதீங்க ஆன்ட்டி. ரெண்டே அளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தாள். எத்தனை சுலபம் தெரியுமா?

மார்புக்குக் கீழே, விலா எலும்போடு ஒட்டினாற்போல, மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப்பைச் சற்று இறுக்கிப் பிடித்து ஒரு அளவு. ஒற்றைப்படையோ, அரையோ வந்தால் அடுத்த இரட்டைப்படை. அதுதான் உங்கள் நம்பர். அப்புறம், பஞ்சு வைக்காத ஒன்றைப் போட்டுக்கொண்டு, மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி, இறுக்காமல் இன்னொரு அளவு. இந்த இரண்டாவது அளவில் இருந்து உங்கள் நம்பரைக் கழியுங்கள். ஒரு இன்ச் மிச்சம் என்றால் ஏ. இரண்டு என்றால் பி. மூன்று சி. நாலு டி. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. இதைச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லாமல் ஐம்பது வயது வரை வந்துவிட்டேன்!

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. முதலில் நான் தனியாகப் பிடித்துப் பார்த்ததில் முப்பத்தேழு வந்தது. குமாரி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, முன்னாடி நேரா பிட்சிக்கீறே. பின்னாடி டேப்பு தொப்புன்னு எறங்கி இடுப்பாண்ட கீது. இது இன்னா அளவு?"

ஆகவே, துணைக்கு ஒரு ஆள். இல்லையென்றால் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி. டேப் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குமாரி பிடித்து அளந்தபோது முப்பத்தைந்தரை. அதாவது முப்பத்தாறு. மேல் அளவு முப்பத்தொன்பது. மிச்சம் மூன்று.

"முப்பத்தாறு சி!" என்று கத்திவிட்டேன். பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

கதவுக்கு வெளியே என் கணவரின் குரல். "என்னாச்சு? அளவு கிடைச்சுதா?"

"கிடைச்சுது! கர்ட்டன் பெருசாத்தான் வாங்கணும்!"

குமாரி கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து உட்கார்ந்து டேப்பைச் சுருட்டினாள். அப்போதுதான் கவனித்தேன். இடது கையால் சுருட்டினாள். வலது கை மடியில் கிடந்தது.

"கையில என்ன குமாரி?"

அவள் டேப்பை முழுக்கச் சுருட்டிவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லணும்னு தான் இருந்தேன்க்கா. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலேந்து வண்டிய என் கொழுந்தன் செல்வம் ஓட்டப் போறான். நல்ல பையன். உன் நம்பர அவனாண்ட குடுத்துட்றேன்."

"ஏன்?"

"சோத்துக் கை தோளுக்கா. பன்னண்டு மணி ஆச்சுன்னா மரத்துப் பூடுது. ஆக்சிலேட்டர முறுக்க முடில. போன வாரம் சைதாப்பேட்டை பாலத்து மேல கையி விட்டுப் பூட்ச்சு. பின்னாடி ரெண்டு ஸ்கூல் புள்ளைங்க. பயந்து பூட்டேன். ஆஸ்பத்திரில படம் எட்த்துப் பாத்தாங்க. எலும்புல ஒண்ணியும் இல்ல, சதை வலி, ரெஸ்ட் எடுன்றாங்க. நா ரெஸ்ட் எட்த்தா வண்டி யாரு ஓட்றது? அதான் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு எயுதிக் குட்த்துக்கீறேன்."

அப்புறம் எழுந்து ஜன்னல் திரையை லேசாக விலக்கிக் கீழே நிற்கும் வண்டியைப் பார்த்தாள்.

"ஆர்.சி. புக்குல என் பேர் கீதுக்கா. மத்த எடத்துல எல்லாம் நா ஒர்த்தருக்குப் பொண்டாட்டி, ஒர்த்தருக்கு அம்மா, ஒர்த்தருக்கு அண்ணி. அந்த சீட்டுல குந்தினா தான் நா குமாரி" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

பக்கத்தில் போய் நின்றேன். அவள் சுடிதாரின் கழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. பார்த்தேன். தோளில் ஒரு பள்ளம்! சும்மா தடம் இல்லை, என் சுண்டு விரல் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம். கறுத்துப்போய், காய்ச்சுப்போய். அதன் நடுவில் ஸ்ட்ராப் உட்கார்ந்திருந்தது.

எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது.

"குமாரி... உன் சைஸ் என்ன?"

"முப்பத்தெட்டு."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஜாக்கெட் அளவு தான். டெய்லரு நோட்டுல முப்பத்தெட்டுன்னு எய்தி வச்சிக்கீறாரு. அத்தயே கடைலயும் சொல்வேன். எல்லாரும் அப்பிடித் தானே வாங்குறாங்க?"

ஆமாம், எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறோம். அளவு ஜாக்கெட் என்று ஒன்று நம் எல்லார் பீரோவிலும் இருக்கிறது. டெய்லரிடம் அதைக் கொடுப்போம், நம்மை அளக்கவே விட மாட்டோம். அந்த ஜாக்கெட்டின் நம்பரையே உள்ளே போடுவதற்கும் சொல்லிவிடுவோம். டெய்லர் எழுதுவது மார்பைச் சுற்றிய மொத்த அளவு. கடைக்காரர் கேட்பதோ அதற்குக் கீழே, விலாவைச் சுற்றிய அளவு. இரண்டும் வேறு வேறு நம்பர்! அரை மணி நேரத்துக்கு முன்தான் எனக்கே தெரிந்தது. ஆனால் அதை நான் குமாரிக்கு விளக்கிய தோரணை இருக்கிறதே... முப்பது வருஷ அனுபவசாலி தோற்றாள்.

"டேப்பைக் குடு. இப்போ நீ நில்லு."

கீழ் அளவு முப்பத்துமூன்று. ஆகவே முப்பத்திநாலு. மேல் அளவு முப்பத்தெட்டு, டெய்லர் பொய் சொல்லவில்லை. மிச்சம் நாலு.

"முப்பத்திநாலு டி" என்றேன்.

"டி-யா!" குமாரி இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "வெளாட்றியா? அது சினிமாக்காரிங்களுக்கு இல்ல வரும்? நா ஆட்டோ ஓட்றவ!"

"டி-ன்னா வேற ஒண்ணுமில்ல. நாலு இன்ச் வித்தியாசம், அவ்வளவுதான்."

அப்புறம் அவள் போட்டிருந்ததைப் பார்த்தோம். நாலு இன்ச் பெரிய பட்டை. கடைசி ஹூக்கில் இறுக்கி மாட்டி, போதாததற்கு ஒரு சேஃப்டி பின். அப்படியும் பின்பக்கம் கழுத்தை நோக்கி ஏறிக் கிடந்தது. தாங்க வேண்டிய பட்டை தொளதொளவென்று இருக்க, மொத்தப் பாரத்தையும் இரண்டு மெல்லிய ஸ்ட்ராப் தூக்கிக்கொண்டிருந்தது. அதையும் கடைசி வரை இழுத்து இறுக்கி வைத்திருந்தாள். அந்தத் தோளோடுதான் நாள் முழுக்க ஆக்சிலேட்டர் முறுக்குகிறாள்.

குமாரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இத்தினி வருசமா... துணியாக்கா? டாக்டர் ஒரு வார்த்தை கேக்கலியே."

"அதுமட்டும்தான் காரணமான்னு எனக்குத் தெரியாது குமாரி. ஆனா அந்தப் பள்ளத்தை உண்டாக்கினது அதுதான். மாத்திப் பாக்கறதுல நஷ்டம் என்ன?"

ஒன்றாம் தேதிக்குச் சரியாக இருபது நாள் இருந்தது. அவள் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினாள். "எறங்குக்கா. தி.நகர் போலாம்."

ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். வாசலில் நைட்டிகள் தொங்கும், உள்ளே போனால் சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். 'உள்ளாடைகளுக்கு ட்ரையல் கிடையாது. மாற்றித் தரப்பட மாட்டாது' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. போட்டும் பார்க்கக் கூடாது, திருப்பியும் தரக் கூடாது. அளவும் தெரியாது. நாம் வாங்குவது துணியா, லாட்டரி சீட்டா?

கவுண்டரில் பெரியவர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. குமாரியை அரை நொடி பார்த்தார். அதே அரை நொடி!

"முப்பத்தெட்டு தானம்மா? காட்டன்ல எடுக்கட்டா?"

"இல்ல. முப்பத்திநாலு டி."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாதாரணமாக இந்தக் கவுண்டரில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். கை ஜாடையும் கண் ஜாடையும்தான். குமாரியின் குரலோ, சிக்னலில் பஸ் டிரைவரைத் திட்டிப் பழகிய குரல்.

"முப்பத்திநாலு ஒங்களுக்குக் காணாதும்மா. இந்தக் கவுண்டர்ல முப்பது வருசமா நிக்கேன். பாத்தாலே சொல்லிருவேன்."

"முப்பத்தெட்டு போட்டு தான் என் தோளு பூட்ச்சு அண்ணாச்சி. நா அளந்துக்கினு வந்துக்கீறேன். டி கீதா, இல்லியா?"

"டி எல்லாம் யாரும் கேக்கதில்லம்மா..."

"கேக்கத் தெரிஞ்சா தானே கேப்பாங்க!"

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவர் ஏணி போட்டு மேல் வரிசையில் தேடினார். பின் வரிசையில் இருந்து தூசி தட்டி ஒரு பெட்டி இறங்கியது. திறந்தால்... முப்பத்திநாலு டி! ஆறு இருந்தது. எனக்கு முப்பத்தாறு சி-யும் அதே வரிசையில் கிடைத்தது. இத்தனை காலமும் எங்கள் சைஸ் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் ஆபீஸ் ஐ.டி. கார்டு, என் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். "மேடம், எப்படி அளந்தீங்க?" என்று கிசுகிசுத்தாள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் குமாரி ஆரம்பித்துவிட்டாள். "இங்க பாரும்மா, ரெண்டு அளவு தான்..." ஒருத்தி கேட்க, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நெருங்கி வர, தோசைக்கல்லைச் சுற்றிக் குழந்தைகள் நிற்பதுபோல ஐந்தாறு பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். குமாரி காற்றில் டேப் பிடித்துக் காட்டினாள். "கடைல வேணாம். வூட்ல கதவ சாத்திக்கினு, பொறுமையா அளந்துக்கங்க. ஜாக்கெட் நம்பர மட்டும் மறந்துருங்க!"

ஒரு அம்மாள் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். நாம் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி நேரம் வெட்கமே இல்லை. யாராவது ஒருத்தர் முதலில் வாயைத் திறக்கட்டும் என்ற காத்திருப்புதான்.

அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்து, "லேபிள் கிழிக்காம கொண்டாந்தா மாத்தித் தாரேன். வெளிய சொல்லிராதீய" என்றார். நல்ல மனிதர். சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

வீட்டுக்கு வந்து முதலில் குமாரி போட்டுப் பார்த்தாள். உள்ளே இருந்து குரல் வந்தது. "யக்கா, மூச்சு முட்டுதே!"

ஓடினேன். போய்ப் பார்த்தால், பழைய பழக்கத்தில் கடைசி ஹூக்கில் இறுக்கியிருந்தாள். புதிதாக வாங்கியதைத் தளர்வாக இருக்கும் முதல் ஹூக்கில்தான் மாட்ட வேண்டும். துவைக்கத் துவைக்கத் தளரும்போதுதான் அடுத்தடுத்த ஹூக்குக்குப் போக வேண்டும். மாற்றிவிட்டேன். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறது, அதற்கு மேல் இல்லை. சரியான கணக்கு.

"இப்போ கையைத் தூக்கு."

தூக்கினாள். இரண்டு கையையும். முன்பானால் பட்டையும் கூடவே மேலே போகும். இப்போது அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"அது அங்கியே கீதுக்கா!" என்று கத்தினாள். இன்னொரு தரம் தூக்கினாள். இறக்கினாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்து ஒரு குதி குதித்தாள். "அங்கியே கீது!" என் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு துணியை மாற்றினால் தோள் சரியாகிவிடும் என்று உங்களிடம் கூவிவிட்டு, கடைசியில் அவள் வண்டியைக் கொடுத்துவிட்டால்? காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், பயந்துகொண்டே காத்திருந்தேன்.

முதல் நாள் மத்தியானமே கழற்றிவிட்டாளாம். இறுக்கமாக இருந்தது, பழக்கம் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வரை. என் பிசியோதெரபிப் பெண்ணிடம் அவளையும் அழைத்துப் போனேன். அந்தப் பெண் குமாரியின் கையை முறுக்கிப் பார்த்து, தோளுக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். ஸ்டாண்டில் ஆண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, ஆட்டோவின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு குமாரி தினமும் செய்தாள். எட்டாம் நாள் மத்தியானம் அடையாறு சிக்னலில் இருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் ஹாரன் சத்தம்.

"யக்கா, மணி ரெண்டு. கை என் கையாட்டமே கீது."

பத்துத் தடவை போட்டுக் கேட்டேன்.

வலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மரத்துப்போவது நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது கை மரத்தால் டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். போகும்போது இந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறேன், அவ்வளவே. என் கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. கணவரிடம் கர்ட்டன் கதையையும் சொல்லிவிட்டேன். "அப்பவே சொல்லியிருந்தா ஸ்டீல் டேப்பை உள்ள வெச்சிருப்பேனே" என்றார்.

நேற்று ஒன்றாம் தேதி. காலை ஒன்பது மணிக்கு கேட்டில் போய் நின்றேன். செல்வம் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். புது காக்கிச் சட்டை, மடிப்புக் கலையாமல். குமாரி இன்னும் எதையும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கப் பயந்தேன். வண்டி வந்தது. அவள் இறங்கவில்லை.

"அண்ணி, சாவி" என்றான் செல்வம், கையை நீட்டி.

"தர மாட்டேன் நைனா. கோச்சிக்காத. ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன். வண்டிய நானே ஓட்டிக்கிறேன். உனக்கு வாடகை வண்டி ஒண்ணு சொல்லி வச்சிக்கீறேன், ஸ்டாண்டுல போய்ப் பாரு."

அவனுக்கு முகம் சுருங்கியது. ஆனால் நல்ல பையன்தான். ஒரு நிமிஷத்தில் அவனே சிரித்துவிட்டான்.

"அத்த வுடு. தோளு இன்னா ஆச்சு? ஆறு மாசமா பட்ற பாடு, இருவது நாள்ல எப்பிடி சரியாச்சு? எனக்குந்தான் முதுகு பிட்சிக்கினு கீது. இன்னா மருந்துன்னு சொன்னா நானும் வாங்கிக்குவேன்ல?"

நான் ஏறி உட்கார்ந்தேன். குமாரி வலது கையால் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினாள். வண்டி உறுமியது. தலையை வெளியே நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தி.நகர்ல விக்கிது நைனா. உன் சைஸ்ல தான் கெடைக்காது!"